கோர், கேஷ், சாக்கெட்: ரெண்டரிங்குக்கும் கேமுக்கும் ஒரே கணினி

கணினி பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே பொருத்திக்கொள்ள நினைப்பவர் முதலில் கேட்பது, "இன்டெல்லா, ஏஎம்டியா?" என்றுதான். பகலில் முப்பரிமாண ரெண்டரிங், இரவில் கேம் என்று ஒரே பெட்டியில் இரண்டையும் நடத்த விரும்புபவருக்கு இந்தக் கேள்வி போதாது. பிராசஸர், அது உட்காரும் சாக்கெட், மதர்போர்டின் சிப்செட், அது ஏற்கும் ரேமின் வகை, அதில் செருகக்கூடிய கார்டுகள் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பை அவர் வாங்குகிறார். இந்தத் தொகுப்புக்குத்தான் பிளாட்ஃபார்ம் என்று பெயர். பிராசஸரை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிளாட்ஃபார்மை மாற்றுவதென்றால் மதர்போர்டு, ரேம், சில சமயம் கூலர் வரை கைவைக்க வேண்டியிருக்கும்.

"ரெண்டரிங்குக்கு நிறைய கோர் வேண்டும், கேமுக்கு வேகமான கோர் வேண்டும், இரண்டும் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றில் விட்டுக்கொடு" என்பது பல ஆண்டுகளாக வழங்கிவரும் அறிவுரை. இன்று அது பாதிதான் சரி. ரெண்டரிங்கின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டதால், பலருக்கு இந்த இரண்டு வேலைகளும் பிராசஸரிடம் கேட்பது ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, நம் ரெண்டரர் எதில் ஓடுகிறது என்பது. அடுத்து ரேம், அதற்கடுத்து சாக்கெட்டின் ஆயுள். கம்பெனியின் பெயர் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

ஒரு ஃபிரேமுக்குள் நடப்பது

பிளெண்டர் மென்பொருளில் ஒரு காட்சியை சைக்கிள்ஸ் ரெண்டரரில் ஓடவிட்டால் உடனே படம் வந்துவிடாது. முதலில் வடிவங்களின் மாடிஃபையர்கள் கணக்கிடப்படும். டெக்ஸ்ச்சர் படங்கள் எஸ்எஸ்டியிலிருந்து ரேமுக்கு ஏறும். ஒளிக்கதிர் எந்தப் பொருளில் மோதுகிறது என்று விரைவாகத் தேட உதவும் பிவிஎச் என்ற கிளையமைப்பு கட்டப்படும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒவ்வொரு பிக்சலுக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களை அனுப்பி நிறத்தைக் கண்டுபிடிக்கும் வேலை தொடங்கும். புள்ளிப் புள்ளியாக நிற்கும் இரைச்சலை நீக்குவதும் கோப்பைச் சேமிப்பதும் கடைசிப் படிகள்.

கதிர்களை அனுப்பும் வேலையைப் பங்குபோடுவது எளிது. ஒரு பிக்சலின் விடைக்காகப் பக்கத்துப் பிக்சல் காத்திருப்பதில்லை. 16 கோர் இருந்தால் பதினாறும் முழுமூச்சாக உழைக்கும். தயாரிப்பு வேலைகளோ பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு சில கோர்களிலேயே நடப்பவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஒரு நிமிட அனிமேஷனுக்கு 1,440 ஃபிரேம்கள். 8 கோர் பிராசஸரில் ஒரு ஃபிரேமுக்கு 4 நிமிடம் ஆகிறது, அதில் 30 விநாடி தயாரிப்பு, 210 விநாடி கதிர் வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 96 மணி நேரம், அதாவது நான்கு முழு நாள். 16 கோருக்கு மாறினால் கதிர் வேலை 105 விநாடியாகக் குறையும். தயாரிப்பு 30 விநாடியிலேயே நிற்கும். ஃபிரேமுக்கு 135 விநாடி, மொத்தம் 54 மணி. அந்தக் கதிர் வேலையையே ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு 20 விநாடியில் முடித்தால் ஃபிரேமுக்கு 50 விநாடி, மொத்தம் 20 மணி. இந்த 50 விநாடியில் 30 விநாடி தயாரிப்புக்கே போகிறது. காத்திருப்பில் 60 சதவீதத்தை இப்போது தீர்மானிப்பது தனிக் கோரின் வேகம்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967-இல் எடுத்துச் சொன்ன விதி இதுதான். வேலையில் 95 சதவீதத்தைப் பங்கிட முடிந்தால் 16 கோர் ஏறத்தாழ 9 மடங்கு வேகம் தரும், 64 கோர் 15 மடங்கு தரும். எத்தனை கோர் வைத்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது.

கேமின் அவசரம் வேறு மாதிரியானது. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃபிரேம் 7 மில்லிவிநாடிக்குள் தயாராக வேண்டும். ஆடுபவர் அழுத்திய விசை, எதிரிகளின் நகர்வு, மோதல் கணக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கான வரைதல் கட்டளைகள் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஒன்றின் விடை அடுத்ததற்குத் தேவை என்பதால் இவற்றைப் பல கோர்களுக்குப் பிரித்துக்கொடுப்பதற்கு எல்லை உண்டு. பெரும்பாலான கேம்களில் 8 கோருக்கு மேல் போனால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறியது.

அங்கே உண்மையான முட்டுக்கட்டை ரேம். ரேமிலிருந்து தரவு வந்துசேர ஏறத்தாழ 70 முதல் 80 நானோவிநாடி ஆகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் கோர் அந்த நேரத்தில் 350 சுற்றுக்கு மேல் சும்மா நிற்கும். தேவையான தரவு பிராசஸருக்குள்ளேயே எல்3 கேஷில் இருந்தால் பத்துச் சொச்சம் நானோவிநாடியில் வேலை முடிந்தது. தாளிக்கும்போது கடுகு கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதற்கும், அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இதை வெளிப்படையாகக் காட்டியது 2022 ஏப்ரலில் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி. எட்டு கோருக்கு மேல் கூடுதலாக 64 எம்பி கேஷை அடுக்காக ஒட்டி மொத்தம் 96 எம்பி ஆக்கியிருந்தார்கள். அடுக்கு வைத்ததால் உச்ச வேகத்தை 4.7-இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைக்க வேண்டி வந்தது. கேம்களில் அது பழைய 5800எக்ஸை எளிதாக முந்தியது. ரெண்டரிங்கில் சற்றுப் பின்தங்கியது. ஒரே வகைக் கோர், கோர் எண்ணிக்கையும் ஒன்றே; இரண்டு வேலைகளில் இரண்டு எதிரெதிர் முடிவுகள்.

ரெண்டரர் எங்கே ஓடுகிறது?

ஆக்டேன், ரெட்ஷிஃப்ட் ஆகியவை கிராபிக்ஸ் கார்டுக்கென்றே வளர்ந்த ரெண்டரர்கள். 2018-இல் என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் கதிர் மோதலைக் கணக்கிடத் தனிச் சுற்றுகளை வைத்தது. மறு ஆண்டே பிளெண்டரின் சைக்கிள்ஸ் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆர்னால்டு ரெண்டரருக்கும் அதே 2019-இல் கார்டில் ஓடும் வடிவம் வந்தது. 2021 டிசம்பரில் வெளியான பிளெண்டர் 3.0, சைக்கிள்ஸின் உட்பகுதியைப் புதிதாக எழுதிக் கார்டுகளின் வேகத்தை மேலும் கூட்டியது. லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' படம் பிளெண்டரின் ஈவீ என்ற நிகழ்நேர ரெண்டரரில் உருவாகி, 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. பெரிய ரெண்டர் பண்ணை இல்லாமலும் முழுநீளப் படம் எடுக்கலாம் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சான்று.

பிராசஸரின் காலம் முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. கட்டட உள்ளலங்காரம் செய்பவர்கள் 3டிஎஸ் மேக்ஸுடன் விரும்பிப் பயன்படுத்தும் கொரோனா ரெண்டரர் முழுக்கப் பிராசஸரையே நம்பியது. ஹூடினி மென்பொருளில் செய்யும் நீர், புகைச் சிமுலேஷன்களில் பெரும்பகுதி பிராசஸரையும் ரேமையும் தின்பவை. இன்னொரு தடை கார்டின் நினைவகம். ஆர்டிஎக்ஸ் 4090-இல் 24 ஜிபி, 2025 ஜனவரியில் வந்த 5090-இல் 32 ஜிபி. சாதாரணப் பட்ஜெட்டில் கிடைக்கும் கார்டுகளில் 8 முதல் 16 ஜிபி. காட்சி அதற்குள் அடங்காவிட்டால் வேகம் சரியும், அல்லது ரெண்டர் நின்றே போகும். பிராசஸரில் ஓடும் ரெண்டரருக்கோ மதர்போர்டிலுள்ள ரேம் முழுவதும் கைவசம். பெரிய ஸ்டூடியோக்கள் பிராசஸர் பண்ணைகளை இன்னும் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சாக்கெட்டின் ஆயுள்

2017 ஜனவரியில் இன்டெல்லின் உச்ச கேம் பிராசஸரான ஐ7-7700கே-யையும் அதற்கேற்ற 200 வரிசை மதர்போர்டையும் வாங்கியவருக்குக் கிடைத்தவை 4 கோர். அக்டோபரிலேயே 6 கோர் ஐ7-8700கே வந்தது. சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151, உள்ளிருக்கும் பின்களின் எண்ணிக்கையும் அதே 1151. ஆனாலும் பழைய போர்டில் வேலை செய்யாது, 300 வரிசை போர்டு வேண்டும். 2020-இல் எல்ஜிஏ 1200, 2021 நவம்பரில் எல்ஜிஏ 1700, 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851 என்று சாக்கெட் மாறிக்கொண்டே போனது. எல்ஜிஏ 1700 மட்டும் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளைத் தாங்கியது.

அதே 2017-இல், மார்ச் மாதம், ஏஎம்டியின் முதல் ரைசன்கள் வந்தன. 8 கோர் 1800எக்ஸின் விலை 499 டாலர். அன்றைக்கு இன்டெல்லின் 8 கோர் பிராசஸர் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. அப்போது ஏஎம்4 சாக்கெட்டுள்ள எக்ஸ்370 போர்டை வாங்கியவரால், 2022-இல் பயாஸைப் புதுப்பித்து அதிலேயே 16 கோர் 5950எக்ஸையோ 5800எக்ஸ்3டி-யையோ பொருத்த முடிந்தது. ஏஎம்டி இதைத் தானாக முன்வந்து தந்துவிடவில்லை. 2020-இல், 5000 வரிசை பழைய போர்டுகளில் ஓடாது என்றுதான் முதலில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 400 வரிசை போர்டுகளுக்கு இறங்கி வந்தது. 300 வரிசைக்கு 2022-இல்தான் வழிவிட்டது. கம்பெனியின் வாக்குறுதியை விட, அது ஏற்கனவே நடந்துகொண்ட விதமே நம்பத்தக்க அளவுகோல். அந்த அளவுகோலில் இதுவரை ஏஎம்டி முன்னிலையில் இருக்கிறது.

கண்முன் உள்ள வழிகள்

2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். பின்கள் பிராசஸரிலிருந்து சாக்கெட்டுக்கு இடம் மாறின. பெரும்பாலான ஏஎம்4 கூலர்கள் இதற்கும் பொருந்தும். 2027-க்கு அப்பாலும் இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. கேமுக்கு இதில் முன்வரிசையில் நிற்பது 2024 நவம்பரில் 479 டாலருக்கு வந்த 8 கோர் ரைசன் 7 9800எக்ஸ்3டி. முன்பு கோர்களின் தலைக்கு மேல் இருந்த கூடுதல் கேஷ் இதில் கோர்களுக்கு அடியில் போய்விட்டதால் வெப்பம் நேராகக் கூலருக்கு ஏறுகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் தளர்ந்தது.

இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்யவென்றே 2025 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டி. இதில் எட்டெட்டு கோராக இரண்டு துண்டுகள். கூடுதல் கேஷ் ஒரு துண்டில் மட்டும். ரெண்டரிங்கில் பதினாறும் உழைக்கும். கேம் தொடங்கியதும் கூடுதல் கேஷ் இல்லாத துண்டை ஓய்வுக்கு அனுப்பி, கேமை மற்றதில் நிறுத்த வேண்டும். இந்தப் பொறுப்பு சிப்செட் டிரைவருடையதும் விண்டோஸின் கேம் பாருடையதும். டிரைவரைச் சரியாக நிறுவாவிட்டால் கேம் இரண்டு துண்டுக்கும் இடையே அலைந்து, விலை குறைந்த 8 கோர் பிராசஸரை விட மெதுவாக ஓடக்கூடும்.

இன்டெல் வேறு பாதையில் போனது. 2021 முதல் பெரிய கோர்களோடு சிறிய கோர்களையும் கலந்து வைக்கிறது. ஒரு பெரிய கோர் பிடிக்கும் இடத்தில் ஏறத்தாழ நான்கு சிறிய கோர்களை அடக்கலாம் என்பதால் ரெண்டரிங்குக்கு இது நல்ல உத்தி. ஐ9-13900கே, 14900கே இரண்டிலும் 8 பெரிய கோர், 16 சிறிய கோர். ஆனால் இந்த 13, 14-ஆம் தலைமுறைகளில்தான் கேமும் மென்பொருளும் காரணமின்றி நின்றுபோகும் கோளாறு 2024-இல் பெரிய விவகாரமானது. தேவைக்கு மேல் ஏறிய மின்னழுத்தமும் வெப்பமும் உள்ளிருந்த ஒரு சுற்றைத் தேய்த்தன என்று இன்டெல் விளக்கியது, மைக்ரோகோடைத் திருத்தியது, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. தேய்ந்துபோன பிராசஸரை எந்த பயாஸும் குணப்படுத்தாது. எனவே இவற்றைப் பழைய சந்தையில் வாங்குவது சூதாட்டம். ஏஎம்டி தரப்பும் இதில் தப்பவில்லை: 2023-இல் சில ஏஎம்5 போர்டுகளில் பிராசஸர்கள் கருகியதைத் தொடர்ந்து, பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்கான மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைக்கப்பட்டது. எந்தப் பக்கம் போனாலும் பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் முதல் ரெண்டரைத் தொடங்க வேண்டும்.

எல்ஜிஏ 1851-இல் உட்காரும் கோர் அல்ட்ரா 9 285கே 24 கோரும் 24 த்ரெட்டும் கொண்டது; ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் பழைய வசதியை இன்டெல் இதில் விட்டுவிட்டது. ரெண்டரிங்கில் ஏஎம்டியின் 16 கோருக்குச் சமமாக நிற்கிறது, மின்சாரத்தை முந்தைய தலைமுறையை விடச் சிக்கனமாகச் செலவிடுகிறது. கேம்களில் மட்டும் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை. வீடியோ எடிட்டிங்கும் சேர்ந்த வேலை என்றால் இன்டெல்லின் உள்ளமைந்த குவிக் சிங்க் ஒரு நல்ல துணை. பல கேமராக்கள் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 கோப்புகளை அது தடையில்லாமல் ஓட்டிக்காட்டும்.

ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் தனி உலகம். 2023-இல் வந்த 7000 வரிசையில் 24 கோர் 7960எக்ஸ் 1,499 டாலர், 64 கோர் 7980எக்ஸ் 4,999 டாலர். நான்கு சேனல் ரேம், மூன்று நான்கு கார்டுகளைத் தாங்கும் பிசிஐஇ பாதைகள், 1 டெராபைட் வரை ரேம். பதிலுக்குப் போர்டும் அது கேட்கும் ஆர்டிம் வகை ரேமும் விலை உயர்ந்தவை. கேமில் 9800எக்ஸ்3டி-யிடம் தோற்கும். சாக்கெட் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 2019-இல் வந்த டிஆர்எக்ஸ்40 போர்டுகளை வாங்கியவர்களுக்கு அடுத்த தலைமுறை பிராசஸர் அதில் வரவே இல்லை.

ரேம் என்ற மறதி

பிராசஸருக்கு மணிக்கணக்கில் ஒப்பீடு பார்ப்பவர்கள் ரேமில் கோட்டைவிடுவார்கள். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று திட்டமிடுவது டிடிஆர்4 காலத்துப் பழக்கம். ஏஎம்5-இல் முதலில் வந்த 7000 வரிசைக்கு ஏஎம்டியின் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ரேமுக்கு 5200. நான்கு ரேம் போட்டால் 3600. நான்கையும் வேகமாக ஓட்டுபவர்கள் உண்டு, ஆனால் அது உறுதியில்லை. ஆகவே முதலிலேயே இரண்டே பெரிய ரேமாக, 2×32 அல்லது 2×48 ஜிபி வாங்குவது மேல். கேமுக்கு 32 ஜிபி தாராளம். ரெண்டரிங்குக்கு 64 ஜிபி நல்ல தொடக்கம். சிமுலேஷன் செய்பவருக்கு 96-உம் பற்றாமல் போகலாம். அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கிடையே காட்சித் தரவை நினைவிலேயே வைத்திருக்கும் வசதி சைக்கிள்ஸில் உண்டு. மேலே பார்த்த 30 விநாடித் தயாரிப்பை அது பெருமளவு குறைக்கும். அதற்கு விலை ரேம்தான்.

2025 இறுதியில் ஏஐ தரவு மையங்களின் பசியால் ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் சில்லறை வணிகத்தைக் கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட சந்தையில், கையில் டிடிஆர்4 ரேமும் ஏஎம்4 போர்டும் வைத்திருப்பவர் 16 கோர் 5950எக்ஸுக்கு மாறி, மிச்சப் பணத்தைக் கார்டில் போடுவது கௌரவக் குறைச்சல் இல்லை, கணக்கறிந்த முடிவு.

வெப்பமும் மின்சாரமும்

285கே, 14900கே இரண்டும் முழுச் சுமையில் 250 வாட் வாக்கில் இழுப்பவை. ஏஎம்டியின் 16 கோர் 7950எக்ஸ் 230 வாட் வரை போகும். 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. கேமில் இவ்வளவு சுமை வராது, ரெண்டரிங்கில் மணிக்கணக்கில் வரும். விமர்சகர்கள் சோதிப்பது 22 டிகிரி அறையில் என்றால், ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் 35 டிகிரி. கூலர் அறைக் காற்றுக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. அந்த 13 டிகிரி அப்படியே பிராசஸரின் மேல் ஏறும். பயாஸில் மின் வரம்பைக் குறைத்து வைத்தால் வெப்பம் வெகுவாக இறங்கும், வேகம் கொஞ்சம்தான் குறையும்.

முந்தைய கணக்கைத் தொடர்ந்தால், 250 வாட் பிராசஸர் 54 மணி நேரம் ஓடினால் 13.5 யூனிட். 450 வாட் கார்டு 20 மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 9 யூனிட். அதிகம் இழுக்கும் கருவி சீக்கிரம் முடித்துவிட்டால் மின்கட்டணம் குறைவாகவே வரும். வீட்டில் சாதாரணமாக வைக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் அளவுதான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் கணினியும் போகும். வீடியோவாக ரெண்டர் செய்யாமல் தனித்தனிப் படங்களாகச் சேமித்தால் இழப்பு ஒரே ஒரு ஃபிரேம்.

யாருக்கு எது?

கார்டில் ரெண்டர் செய்து கேமும் ஆடுபவருக்கு ஏஎம்5-இல் கூடுதல் கேஷுள்ள 8 கோர் எக்ஸ்3டி பிராசஸரும் 64 ஜிபி ரேமும் போதும். 16 கோருக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தை நினைவகம் கூடுதலாக உள்ள கார்டில் போட்டால் ரெண்டரிங் அதிகமாக வேகம் பெறும். 4கே திரையில் ஆடுபவருக்கு எக்ஸ்3டி கூடக் கட்டாயமில்லை. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது கார்டுதான். பிராசஸர்களின் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காகவே விமர்சகர்கள் மிக உயர்ந்த கார்டை 1080பி-யில் வைத்துச் சோதிக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு அந்த வரைபடங்களைப் படிக்கக்கூடாது.

கொரோனாவிலோ பிராசஸர் ஆர்னால்டிலோ பிழைப்பு நடத்துபவருக்கு 16 கோர் தேவை. கேமும் முக்கியம் என்றால் 9950எக்ஸ்3டி. கேம் எப்போதாவதுதான் என்றால் சாதாரண 9950எக்ஸ், அல்லது நல்ல விலைக்குக் கிடைத்தால் 285கே. பிந்தையதை எடுப்பவர் அதே போர்டில் பெரிய மேம்பாட்டை எதிர்பார்க்காமல் எடுக்க வேண்டும். 256 ஜிபிக்கு மேல் ரேமோ மூன்று கார்டுகளோ தேவைப்படும்போதுதான் த்ரெட்ரிப்பர் பேச்சு. அந்த நிலையில் கேமுக்குத் தனிக் கணினி வைத்துக்கொள்வதே பல சமயம் மலிவு.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. தற்போதைய கணினியில் உங்கள் சொந்தக் காட்சி ஒன்றை ரெண்டர் செய்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பாருங்கள். எல்லாக் கோரும் 100 சதவீதத்தில் நிற்கும் நேரம் எவ்வளவு, ஒன்றிரண்டு கோர் மட்டும் உழைக்கும் நேரம் எவ்வளவு, ரேம் எங்கே போய் முட்டுகிறது, கார்டின் நினைவகம் நிரம்புகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு குறிப்புகளோடு கடைக்குப் போகிறவரிடம் விற்பனையாளர் தன்னிடம் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவது கடினம்.